கைகளின் மொழியைக் கற்றுக்கொண்ட ஆசான்

ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதம் 23 ஆம் திகதி சர்வதேச சைகை மொழிகள் தினமாக அனுஷ்டிக்கப்படுகின்றது. 2017 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானத்தின் பிரகாரம் 2018 ஆம் ஆண்டு முதல் இத்தினம் உலகெங்கும் நினைவுகூரப்பட்டு வருகின்றது. உலகில் 7 கோடிக்கும் அதிகமான செவிப்புலனற்றோர் வாழ்கின்றனர். அவர்கள் 300க்கும் மேற்பட்ட சைகை மொழிகளைக் கையாளுகின்றனர் என்கிறது ஐ.நா. ஆயினும், இம்மொழிகள் பாடசாலையின் வாசலைத் தாண்டி வகுப்பறைக்குள் வந்த வரலாற்றை எம்மிற் பலர் அறிந்திருப்பதில்லை. அந்த வரலாற்றின் முதற் பக்கங்களில் பரிஸ் நகரில் வாழ்ந்த ஒரு பாதிரியாரின் பெயர் எழுதப்பட்டுள்ளது. அவரது வாழ்க்கையில் எமக்கான பாடங்களும் உள்ளன. எனவே அதனை இங்கு சற்று விரிவாக நோக்குவோம்.

சார்ள்ஸ் மிஷேல் டி லெப்பே 1712 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிரான்சின் வேர்சாய் நகரில் பிறந்தார். அவரது தந்தையார் அரச கட்டடப் பணிகளோடு தொடர்புடையவர். குடும்பம் வசதி படைத்தது. இளமையிலேயே குருத்துவ வாழ்வை நாடிய டி லெப்பே இறையியல் கற்றார். எனினும், அக்காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபையை அலைக்கழித்துக் கொண்டிருந்த ஜான்சனியச் சர்ச்சை அவரது பாதையை மறித்தது. இறையருள் பற்றியும் ஒழுக்கம் பற்றியும் கடுமையான நோக்குக் கொண்டிருந்த அப்பிரிவினரைத் திருச்சபை கண்டித்திருந்தது. குருவாக விரும்புவோர் அக்கண்டனத்தை ஏற்று ஓர் ஆவணத்தில் கையொப்பமிட வேண்டியிருந்தது. மனச்சாட்சிக்கு விரோதமாகக் கையொப்பமிட டி லெப்பே மறுத்தார். குருப்பட்டமும் மறுக்கப்பட்டது. அதன் பின்னர் சட்டம் பயின்று சட்டத்தரணியானார். ஆனால் அத்தொழிலில் அவரது மனம் ஒன்றவில்லை.

சில காலத்தின் பின் துருவா மறைமாவட்ட ஆயர் அவரை ஆதரித்துக் குருவாக அபிஷேகம் செய்தார். அந்த ஆயர் மறைந்ததும் நிலைமை மீண்டும் மாறியது. பரிஸ் திரும்பிய டி லெப்பே, ஜான்சனியச் சார்பின் காரணமாகத் திருப்பணிகளில் ஈடுபடுவதினின்றும் தடுக்கப்பட்டார். 50 வயதை நெருங்கிக் கொண்டிருந்த அவருக்குப் பொறுப்பேற்கப் பங்கும் இல்லை. போதிக்கச் சபையும் இல்லை. குடும்பச் சொத்திலிருந்து வந்த வருமானமும், பயன்படுத்தப்படாத கல்வியுமே அவரிடம் எஞ்சியிருந்தன.

இந்நிலையிற்றான், 1760 ஆம் ஆண்டளவில், ஏதோ ஓர் அலுவலாக அவர் பரிஸ் நகரின் ஒரு வீட்டிற்குச் சென்றார். வீட்டுத் தாயார் வெளியே சென்றிருந்தார். இரண்டு இளம்பெண்கள் அமர்ந்து தையல் வேலை செய்து கொண்டிருந்தனர். பாதிரியார் பேசினார், பதில் வரவில்லை. குரலை உயர்த்திப் பேசினார். அவர்கள் தலை நிமிரவும் இல்லை. தம்மை அவமதிக்கின்றனரோ என்று எண்ணுமளவிற்கு அவர் குழம்பிப் போனார். பின்னர் தாயார் வந்து உண்மையைக் கூறினார். அவ்விருவரும் இரட்டைச் சகோதரிகள். இருவருக்கும் செவி கேளாது. வனேன் என்னும் பெயருடைய துறவி ஒருவர் புனிதர்களின் படங்களைக் காட்டி அவர்களுக்குச் சிறிது கற்பித்து வந்தார்; அவரும் இறந்துவிட்டார். இனித் தமது பிள்ளைகளுக்குக் கடவுளைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கக்கூட எவருமில்லை என்பதே அத்தாயின் துயரமாக இருந்தது.

டி லெப்பே அப்பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார். முதலில் அவரைத் தூண்டியது சமயக் கடமையேயாகும். இறைவனை அறியாமலே இரு ஆன்மாக்கள் வாழ்ந்து மடிந்துவிடக் கூடாது என்று அவர் கருதினார். ஆனால், இரு சகோதரிகளுடன் தொடங்கிய அச்சிறு வகுப்பு அவரது எஞ்சிய 30 ஆண்டு வாழ்வையும் தன்வசப்படுத்திக் கொண்டது.

அக்காலச் சூழலை விளங்கிக் கொண்டாலன்றி இம்முயற்சியின் பெறுமதியை உணர முடியாது. பேச்சு இல்லாதவனுக்குச் சிந்தனையும் இல்லை என்ற எண்ணம் கற்றோர் மத்தியிலும் வேரூன்றியிருந்தது. செவிப்புலனற்ற பிள்ளைகள் வீட்டின் மூலையில் மறைத்து வைக்கப்பட்டனர். விதிவிலக்குகள் இல்லாமலில்லை. 16 ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் பெத்ரோ பொன்சே டி லெயோன் என்னும் துறவி பிரபுக்களின் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். டி லெப்பேயின் காலத்துப் பரிஸிலும் ஜேக்கப் ரொட்ரிகஸ் பெரேரா என்னும் ஆசிரியர் பிள்ளைகளைப் பேச வைப்பதில் புகழ்பெற்று விளங்கினார். ஆனால் பெரேரா தமது முறையை இரகசியமாகவே பேணினார். கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பங்களுக்கே அது எட்டியது. ஏழையின் பிள்ளைக்கு எவரும் இருக்கவில்லை.

சைகை என்பதும் அன்று உலகிற்குப் புதியதன்று. இஸ்தான்புல் நகரில் ஒட்டோமான் சுல்தான்களின் அரண்மனையில் வாய் பேசாத பணியாளர்கள் பலர் இருந்தனர். அவர்களது சைகை மொழி அரண்மனையின் கண்ணியத்திற்கு ஏற்றதெனக் கருதப்பட்டு, பேசவல்லோரும் அதனைப் பயன்படுத்தியதாக வரலாறு கூறுகின்றது. பரிஸ் நகரத்து வீதிகளிலும் செவிப்புலனற்ற தொழிலாளர்கள் தமக்கிடையே கைகளால் உரையாடியே வாழ்ந்தனர். எழுத்தையும் கல்வியையும் கற்பிப்பதற்கு அம்மொழியையே வழியாக்கலாம் என்று துணிந்து, அதற்கெனப் பாடசாலை ஒன்றை நடத்திக் காட்டியமையே டி லெப்பே செய்த புதுமையாகும்.

ஒலியும் பொருளும் இயற்கையாகப் பிணைக்கப்பட்டவையல்ல. பழக்கத்தினாலேயே ஒரு சொல் ஒரு பொருளைக் குறிக்கின்றது என்று அவர் சிந்தித்தார். அவ்வாறாயின், காதின் வழியாகப் புகும் ஒலிக்குப் பதிலாகக் கண்ணின் வழியாகப் புகும் எழுத்தையும் சைகையையும் பொருளோடு பிணைக்க முடியாதா என்பது அவரது வினா. பிள்ளைகளிடம் ஏற்கெனவே ஒரு மொழி இருப்பதைக் கண்டார். ஆகவே கற்பிப்பதற்கு முன்னர் அவர் கற்கத் தொடங்கினார். நடுத்தர வயதைக் கடந்த கல்விமான் ஒருவர், எழுத்தறியாத சிறுவர்களின் கைகளைக் கூர்ந்து நோக்கி அவர்களது மொழியைப் பயின்றார் என்பதை நாம் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

பரிஸில் மூலேன் வீதியிலிருந்த அவரது சொந்த வீடே பாடசாலையாயிற்று. செவ்வாய், வெள்ளி ஆகிய இரு தினங்களிலும் காலை 7 மணி முதல் நண்பகல் வரை வகுப்புகள் நடைபெற்றன. செல்வந்தர், வறியவர் என்ற பேதமின்றி எவரும் சேரலாம், கட்டணம் இல்லை. செலவு முழுவதும் அவரது கையிலிருந்தே சென்றது. இருவராக ஆரம்பித்த வகுப்பு, 1780களில் 70 பேரை அண்மித்த பாடசாலையாக வளர்ந்தது.

கற்பித்த விதமும் கவனத்திற்குரியது. புதிதாக வரும் பிள்ளைக்கு முதலில் விரல்களால் எழுத்துக்களைக் காட்டும் முறை கற்பிக்கப்பட்டது. அதன் பின் பொருளைக் காட்டி, சைகையைக் காட்டி, அதன் பெயரைப் பலகையில் எழுதிக் காட்டினார். இறந்த காலத்தை உணர்த்தக் கையைத் தோளுக்கு மேலாகப் பின்னோக்கி வீசினார்; எதிர்காலத்திற்குக் கையை முன்னோக்கி நீட்டினார். பிரெஞ்சு மொழியில் பெயர்ச்சொற்களுக்கு முன்னே ஆண்பால், பெண்பால் காட்டும் சிறு சொற்கள் வருவது வழக்கம். ஆண்பாலுக்குத் தொப்பி அணியும் இடத்தையும், பெண்பாலுக்குப் பெண்களின் தலையணி முடிவடையும் காதோரத்தையும் தொட்டுக் காட்டினார்.

கண்ணாற் காணமுடியாத கருத்துக்களையும் அவர் விட்டுவிடவில்லை. நம்புதல் என்னும் சொல்லை எடுத்துக் கொள்வோம். அதனை அவர் 4 கூறுகளாகப் பகுத்தார். அறிவினால் ஏற்கின்றேன், இதயத்தினால் ஏற்கின்றேன், வாயினால் ஏற்கின்றேன், ஆயினும் கண்ணினால் காணவில்லை என்பனவே அக்கூறுகள். நெற்றியையும் நெஞ்சையும் வாயையும் தொட்டு ஆம் என்று காட்டி, கண்ணைத் தொட்டு இல்லை என்று காட்டியதும் மாணவன் அச்சொல்லை எழுதினான். செவியுள்ளோரிற் பலர் பொருளறியாமல் உச்சரிக்கும் ஒரு சொல்லை, செவிப்புலனற்ற பிள்ளை அதன் கூறுகளை அறிந்து எழுதிற்று.

விரலெழுத்து விடயத்தில் சுவையான நிகழ்வொன்று உண்டு. ஒரு நாள் வகுப்பைக் காண வந்த எவரோ ஒருவர் ஸ்பானிய மொழி நூலொன்றை விலைக்கு வாங்குமாறு அவரிடம் நீட்டினார். தமக்கு ஸ்பானிய மொழி தெரியாதென மறுக்கப் போனவர், தற்செயலாக நூலைப் புரட்டியபோது கைவிரல்களால் எழுத்துக்களைக் காட்டும் படங்களைக் கண்டார். அது 1620 ஆம் ஆண்டில் ஹுவான் பாப்லோ பொனெற் வெளியிட்ட நூல். அதனை வாங்கியதோடு நில்லாமல், அதைப் படிப்பதற்காகவே ஸ்பானிய மொழியையும் கற்றார் டி லெப்பே. பயன் தரும் அறிவு எந்த நாட்டிலிருந்து, எந்த மொழியில் வந்தாலும் ஏற்கும் மனம் அவருக்கிருந்தது.

தாம் பெற்றதை அவர் மறைத்து வைக்கவுமில்லை. 1771 ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் முன்னிலையில் மாணவர்களின் திறமையைக் காட்டும் அமர்வுகளை நடத்தினார். பிரபுக்களும் அறிஞர்களும் திரண்டனர். பிரெஞ்சு, இலத்தீன், இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளில் வினாக்களுக்கு மாணவர்கள் எழுத்து மூலம் விடையளித்தனர். 1776 இலும் 1784 இலும் தமது முறையை விளக்கி நூல்களை வெளியிட்டார். 1777 இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப், வகுப்பை நேரிற் கண்டு வியந்தார். பேரரசர் வழங்க முன்வந்த சன்மானத்தை ஏற்காத பாதிரியார், அதற்குப் பதிலாக இம்முறையைக் கற்க ஒருவரை அனுப்புமாறு வேண்டிக்கொண்டார். அவ்வாறே வந்து பயின்ற ஸ்டோர்க் என்னும் குருவானவரைக் கொண்டு 1779 இல் வியன்னாவில் செவிப்புலனற்றோர் பாடசாலை உருவானது. ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலிருந்தும் ஆசிரியர்கள் வந்து அவரிடம் பயின்று சென்றனர்.

எதிர்ப்பும் இருந்தது. ஜேர்மனியின் லைப்சிக் நகரில் 1778 இல் பாடசாலை ஆரம்பித்த சாமுவேல் ஹைனிக்கே, குரலொலி இல்லாமல் தெளிந்த சிந்தனை பிறக்காது என்றும், பிள்ளைகளைப் பேசவைப்பதே ஒரே வழி என்றும் வாதிட்டார். இருவரும் கடிதங்கள் மூலம் நீண்ட விவாதம் நடத்தினர். டி லெப்பே இவ்விவகாரத்தை அறிஞர் சபைகளின் தீர்ப்பிற்கு விட்டார். 1783 இல் சூரிச் நகர அறிஞர் சபை அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

எனினும் மிகச் சிறந்த சாட்சியம் வேறோர் இடத்திலிருந்து வந்தது. பியர் டெலோஜ் என்பவர் பரிஸில் புத்தகம் கட்டும் தொழில் செய்து வாழ்ந்தவர். 7 வயதில் அம்மை நோயினால் செவிப்புலனை இழந்த அவர், டி லெப்பேயின் மாணவரல்லர். சைகை மொழிக்கு எதிராக டெஷாம் என்னும் குருவானவர் எழுதிய நூலைக் கண்டு வெகுண்டெழுந்த இத்தொழிலாளி, 1779 இல் தாமே ஒரு நூலை வெளியிட்டார். செவிப்புலனற்ற ஒருவர் எழுதி அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்றாக அது கொள்ளப்படுகின்றது. சைகை மொழி எவராலும் தமக்குக் கொடுக்கப்பட்டதல்ல, அது தமது சமூகத்தில் ஏலவே வாழ்ந்த மொழி என்று அவர் அதில் நிறுவினார். பாதிரியார் அம்மொழியைக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும், அதனை மதித்துப் பயின்றார் என்பதையும் அந்நூல் ஒருங்கே எடுத்துக் காட்டியது.

ஒருவரின் வாழ்வை எழுதும்போது குறைகளை மறைப்பது நேர்மையாகாது. டி லெப்பே மாணவர்களின் சைகைகளை அவ்வாறே விட்டுவிடவில்லை. பிரெஞ்சு இலக்கணத்தின் ஒவ்வொரு விகுதிக்கும் ஒரு சைகையை உருவாக்கி, அவற்றை மாணவர்களின் மொழியோடு பிணைத்தார். நாம் மேலே கண்ட ஆண்பால், பெண்பால் சைகைகளும் அத்தகையனவே. இதனால் வாக்கியங்கள் நீண்டு சிக்கலாயின. ஆசிரியர் சைகையாற் சொல்லச் சொல்ல மாணவர்கள் பிழையின்றி எழுதினர். ஆனால் தமது மனதில் எழும் கருத்தைத் தாமாகவே ஒரு வாக்கியமாக எழுத அவர்களிற் பலர் இடர்ப்பட்டனர். மாணவர்கள் தம் எண்ணங்களைச் சுயமாக எழுதுவார்களென எதிர்பார்க்க வேண்டாம் என்று அவரே தமது சீடர் ஒருவருக்கு எழுதியிருந்தார். பிள்ளைகளின் ஆற்றலை அவர்கள் மீது பேரன்பு கொண்டிருந்த அவரே குறைத்து மதிப்பிட்டார் என்பது கசப்பான உண்மையாகும். அவர் கற்ற மொழி தன்னளவில் முழுமையான இலக்கணம் கொண்டது என்பதை அவர் காணவில்லை.

இன்னொரு விடயத்திலும் அவர் தவறியிருக்கக்கூடும். 1773 இல் வீதியில் கைவிடப்பட்ட நிலையில் ஒரு செவிப்புலனற்ற சிறுவன் கண்டெடுக்கப்பட்டான். அவனது சைகைகளைக் கொண்டு, அவன் சோலார் பிரபு குடும்பத்தின் வாரிசு என டி லெப்பே நம்பினார். அவனுக்காக நீதிமன்றம் சென்றார். 1781 இல் சிறுவனுக்குச் சார்பாகத் தீர்ப்புக் கிடைத்தது. பாதிரியார் மறைந்த பின், 1792 இல் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. சிறுவன் உண்மையில் யார் என்பது இன்றுவரை சர்ச்சைக்குரியது. ஆனால், வாய் பேசாத ஓர் அநாதையின் கைகள் சொல்வதையும் நீதிமன்றம் செவிமடுக்க வேண்டும் என்று வாதாடியவர் அவர் என்பதை எவரும் மறுப்பதற்கில்லை.

முதுமையிலும் அவர் தமக்கெனச் சேர்க்கவில்லை. 1788 ஆம் ஆண்டின் கடுங்குளிரில், மாணவர்களுக்கான செலவைக் குறைக்க விரும்பாது, தமது அறைக்கு விறகு வாங்குவதைத் தவிர்த்தார் எனவும், மாணவர்கள் கண்ணீருடன் மன்றாடிய பின்னரே இணங்கினார் எனவும் கூறப்படுகின்றது. பாடசாலைக்கு உதவுவதாக மன்னர் 16 ஆம் லூயி 1778 இலேயே உறுதியளித்திருந்தார். எனினும் அது முழுமையாக நிறைவேறவில்லை. தமக்குப் பின் பிள்ளைகளின் கதி என்ன என்ற கவலை அவரை வாட்டியது. 1789 இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அவ்வாண்டு டிசெம்பரில் மரணப் படுக்கையிலிருந்த அவரைத் தேசிய சபையின் பிரதிநிதிகள் சந்தித்து, அப்பிள்ளைகளைத் தேசமே பொறுப்பேற்கும் என்று உறுதியளித்ததாகச் சொல்லப்படுகின்றது. டிசெம்பர் 23 ஆம் திகதி அவர் காலமானார். 1791 இல் தேசிய சபை அவரது பெயரை மனித குலத்தின் நலன்விரும்பிகள் வரிசையில் சேர்த்துப் பாடசாலையை அரசின் பொறுப்பில் ஏற்றது. பரிஸ் சென் ஜாக் வீதியில் அந்நிறுவனம் இன்றும் இயங்குகின்றது.

அவரது வழிவந்தோர் அவரது குறையையும் நிவர்த்தி செய்தனர். அவருக்குப் பின் பொறுப்பேற்ற சிக்கார் பாதிரியாரின் மாணவரான ஜோன் மசியூ, பிறவியிலேயே செவிப்புலனற்றவர். பின்னர் அதே பாடசாலையின் ஆசிரியரானார். மசியூவின் மாணவர் லோரன் கிளேர்க். 1816 இல் அமெரிக்கரான தோமஸ் கலோடெற்றுடன் கப்பலேறிய கிளேர்க், 52 நாள் பயணத்தில் அவருக்குச் சைகை மொழியைக் கற்பித்தார்; அவரிடமிருந்து ஆங்கிலம் கற்றார். 1817 இல் ஹார்ட்போர்ட் நகரில் இருவரும் தொடங்கிய பாடசாலையிலிருந்து அமெரிக்கச் சைகை மொழி வளர்ந்தது. சுயமாக எழுத மாட்டார்கள் என்று கருதப்பட்டவர்களே ஆசிரியர்களாயினர்.

ஆனால் வரலாறு நேர்கோட்டில் செல்வதில்லை. 1880 இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, பேச்சுப் பயிற்சியே சிறந்ததெனத் தீர்மானித்துச் சைகை மொழியைப் புறந்தள்ளியது. சுமார் 160 பேர் கலந்துகொண்ட அம்மாநாட்டில் செவிப்புலனற்றோர் ஓரிருவரே. அதன் விளைவாகப் பல நாடுகளின் வகுப்பறைகளில் சைகை மொழி தடுக்கப்பட்டது. பிள்ளைகளின் கைகள் கட்டப்பட்டதும் உண்டு. செவிப்புலனற்ற ஆசிரியர்கள் தொழிலை இழந்தனர். 130 ஆண்டுகளின் பின், 2010 இல் வன்கூவரில் நடந்த மாநாடே அத்தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. டி லெப்பேயின் தாயகமான பிரான்ஸ் கூடத் தனது சைகை மொழியை 2005 இல்தான் சட்டத்தில் அங்கீகரித்தது. ஒரு மக்களின் மொழியைப் பற்றி அம்மக்களைக் கேளாமலே முடிவெடுத்தால் விளையும் கேடு எத்தகையது என்பதை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

எமது நாட்டில் 1912 இல் செவிப்புலனற்ற, விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கான பாடசாலை ஆரம்பமாயிற்று. வடக்கில் கைதடியிலுள்ள நவீல்ட் பாடசாலை தமிழ்மொழி மூலம் சேவையாற்றி வருகின்றது. இத்தகைய நிறுவனங்களை எட்ட முடியாத பிள்ளைகளும் எமது ஊர்களில் இருக்கின்றனர். ஊமை என்ற ஒரே சொல்லால் அவர்களது எதிர்காலத்தை முடித்துவிடும் வழக்கம் தமிழர் மத்தியிலும் முஸ்லிம்கள் மத்தியிலும் இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை. கோவிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்திற்கோ அப்பிள்ளையை அழைத்துச் செல்கின்றோம். அங்கு நடப்பது என்னவென்று அதற்கு விளக்குவார் இல்லை. பரிஸ் நகரத்துத் தாயின் துயரம் எமது தாய்மாரின் துயரமாகவும் இருக்கின்றது.

பாரிய கட்டடங்களும் பெருந்தொகை நிதியும் வந்த பின்னரே இப்பணியைத் தொடங்கலாம் என்பதற்கில்லை. ஒரு வீடு, வாரத்தில் இரு காலைப்பொழுதுகள், ஒரு பலகை, இரண்டு பிள்ளைகள் என்ற அளவிலேயே டி லெப்பே தொடங்கினார். கிராமத்தின் முன்பள்ளியிலோ வாசிகசாலையிலோ நாலைந்து பிள்ளைகளைக் கூட்டி எழுத்தும் சைகையும் சேர்த்துக் கற்பிக்கும் ஒரு சிறு வகுப்பை எமது சமூகங்களும் நடத்தலாம். அவ்வகுப்பில் செவிப்புலனற்ற பெரியவர் ஒருவர் ஆசிரியராக அமர்தல் அவசியமாகும். பிள்ளையின் பெற்றோரும் உடன்பிறந்தோரும் அதே வகுப்பில் மாணவர்களாக அமர்தல் அதனினும் அவசியமாகும். பிள்ளை எமது மொழியைக் கற்கும் வரை காத்திருப்பதை விடுத்து, பிள்ளையின் மொழியை நாம் கற்க முன்வருவதே முதற்படி என்பதை டி லெப்பேயின் வாழ்க்கை எமக்கு உணர்த்தி நிற்கின்றது.